வேறு குளிசைகள்

அந்தக் கட்டத்துக்குள் "இல்லை" என்று இருக்கிறது.
என் எழுத்தல்ல, கோமளா மிஸ்ஸியின் எழுத்து.
இரும்புச்சத்து, போலிக், கல்சியம்,
வேற குளிசை ஏதும் போடுறயா கா?
இல்லை மிஸ்ஸி.
மண்டூர் கிளினிக்கில் அன்று ஃபேன் நின்றுபோயிருந்தது.
வேர்த்ததை அதன் தலையில் போட்டேன்.

வெல்லாவெளி ரோட்டில், யானைக்கு விலத்திய மோட்டார் சைக்கிள்
மதகில் ஏறி விழுந்த இரவு
உன் அப்பாவுக்கு ஒரு கீறலும் இல்லை,
எனக்கு இடுப்பு.
ஆஸ்பத்திரி பத்து நாளுக்குத் தந்தது.
மிச்ச மூன்று வருசத்துக்கும்
பெயர் கேட்காத ஒரு கடை தந்தது,
பழைய பேப்பரில் சுற்றி.
முதலில் நோவுக்குப் போட்டேன்.
பிறகு, போடாவிட்டால் வருகிற நோவுக்கு.
சீனிப் போத்தலென்றால் அடிக்கடி திறப்பார்களென்று
கல்லுப்புக்குள் தாட்டு வைத்தேன்.
அவ்வளவு கெட்டிக்காரி.

எட்டாம் மாதம் நானாகவே நிறுத்தினேன்.
முருகனுக்குக்கூட நேராமல், ஒருவருக்கும் சொல்லாமல்.
இரண்டாம் இரவு எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது.
உள்ளே நீ துள்ளினாய், துள்ளினாய்.
பெடியன் பந்தடிக்கிறான் என்று அவர் சிரித்தார்.
நீ பெடியனும் இல்லை, அது பந்துமில்லை.
என்னிடம் தீர்ந்துபோனதை
என் வயிறெல்லாம் தேடிக்கொண்டிருந்தாய்.
விடியமுன்னம் உப்புப் போத்தலைத் திறந்தேன்.
கொஞ்ச நேரத்தில்
இருவரும் அடங்கினோம்.

குத்து வந்த அன்று
பாதையில் ஏற்றினார்கள், குருமண்வெளிக்கு.
ஒரு ஓட்டோ, நாலு சைக்கிள், கத்தரிக்காய் மூட்டைகள், நான்.
படுவான்கரை பின்னால் போக
எழுவான்கரை வந்துகொண்டே இருந்தது, வந்து முடியவில்லை.
சுற்றிவர வாவித் தண்ணீர்.
தண்ணீரில்லாமலே இரண்டை விழுங்கினேன்.

இப்போது மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி.
உன் காலில் ஒரு பட்டி: பேபி ஒஃப் வதனரூபி.
இரண்டாம் நாள் தும்மத் தொடங்கினாய்.
கொட்டாவி, தும்மல், திரும்பவும் கொட்டாவி.
சீலையில் உதைத்து உதைத்துக் குதிக்கால் சிவந்துவிட்டது.
அழுகை மெல்லிசாய், கூராய்,
சட்டியின் அடியைக் கரண்டி சுரண்டுகிற மாதிரி.
பக்கத்துக் கட்டில்காரி
தன் பிள்ளையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

கிருமியாக இருக்கலாம் என்றார்கள்.
முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கவேணும்,
இதில் ஒரு கையெழுத்து.
உன் முதுகை அப்போதுதான் வடிவாகப் பார்த்தேன்.
என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.
பேனை கையில் இருந்தது.
கிருமி இல்ல டொக்டர், என்றேன்.
நான்தான்.

டொக்டர் ஏசவில்லை.
கதிரையை இழுத்து இருந்தா.
எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை,
கடைசியாக எப்போது?
பாதையில் என்று சொன்னதை
ரோட்டில் என்று விளங்கிக்கொண்டா. திருத்தவில்லை.
திடீரென்று நிறுத்தப்படாது, தெரியுமா?
எங்களிட்ட வந்திருந்தால் மெல்லமெல்ல இறக்கியிருப்பம்.
வந்திருக்கலாம் என்ற சொல்லை
அந்த இரவு முழுக்க மென்றேன்.

நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா
பர்வீனா மிஸ்ஸி வந்து உனக்குப் புள்ளி போடுவா.
நடுக்கத்துக்கு இவ்வளவு, வியர்வைக்கு இவ்வளவு.
பதின்மூன்று. பன்னிரண்டு. திரும்பவும் பதின்மூன்று.
குறையக் குறையச் சந்தோசப்படுகிற சோதினை
வேறெங்கும் கண்டதில்லை.
நாக்கின் ஓரத்தில் உனக்குத் துளித்துளியாய் மருந்து,
எனக்கு வேறு மருந்து, வேறு அளவு.
அது நிலைக்கும்வரைக்கும்
என் பாலைப் பீச்சி சிங்கில் ஊற்றச் சொன்னார்கள்.
ஊற்றினேன்.
குழாயைத் திறந்து விடவேணும், இல்லாவிட்டால் வெள்ளையாய் நிற்கும்.

பதினோராம் நாள், ஆறு.
அழாதங்க புள்ள, இனிக் குடுக்கலாமாம்,
காத்தான்குடிப் பேச்சில் சொல்லி
உன்னை என் கையில் வைத்தா.
நீ தேடினாய்.
இந்தத் தேடல் எனக்குத் தெரியும், பயந்தேன்.
பிடித்தாய், விட்டாய், தும்மினாய்,
பிறகு பிடித்தாய்.

கிளினிக் கார்ட் தலையணைக்குக் கீழே கிடக்கிறது.
"இல்லை"யை நான் வெட்டவில்லை.
கோமளா மிஸ்ஸி திரும்பவும் கேட்கட்டும்,
ஃபேன் சுற்றுகிற ஒரு நாளில்.